ஈரத்தின் பதம்

ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையிலும் அதை ஒட்டிய தெற்கு மொசாம்பிக்கிலும் மழைக்காலத்தில் மட்டும் குளமாக இருக்கும் பள்ளங்கள் பல உண்டு. ஆறு எதுவும் அவற்றில் வந்து சேர்வதில்லை. மழை பெய்தால் நிரம்பும். மழை ஓய்ந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வற்றி, அடியில் கிடக்கும் கரிய களிமண் பாளம்பாளமாக வெடித்துவிடும். அதன் மேல் ஆடுமாடு நடக்கும், யானை நடக்கும், புழுதி பறக்கும். அடுத்த மழையில் அதே பள்ளம் மறுபடி நிரம்பினால் சில நாட்களிலேயே அதில் மீன்குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். அவை வேறெங்கிருந்தும் வந்தவை அல்ல. வறண்ட மாதங்கள் முழுவதும் அந்த மண்ணுக்குள்ளேயே முட்டையாகக் கிடந்தவை.

இவற்றைக் கில்லி மீன்கள் என்பார்கள். டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை. ஓடை மீன் என்ற பொருளில் வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் வைத்த பெயர் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு பெரும் கூட்டத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டாதவை. இந்தக் கூட்டத்தின் உறவினர் நம் ஊர் வயல்வாய்க்காலிலும் குட்டையிலும் இருக்கிறார்கள். தலை உச்சியில் வெள்ளிப்பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே நின்றபடி கொசுப்புழுவைக் கொத்தும் அந்தச் சிறு மீனைக் கேரளத்தில் மானத்துக்கண்ணி என்கிறார்கள். அந்தப் பெயரே ஒரு நல்ல அவதானிப்பு. ஆனால் நம் ஊர் மீனின் முட்டை நீர்ச்செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் போலப் பொறுத்துப் பொரித்துவிடும். அதற்கு வறட்சியைக் கடக்கத் தெரியாது. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் உள்ள சில கில்லி இனங்கள் மட்டுமே மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டு, குளத்தோடு சேர்ந்து செத்துப்போகிற வாழ்க்கையைப் பழகிக்கொண்டவை. ஒரு பருவத்துப் பயிர் போல வந்து போவதால் 1952-இல் ஜார்ஜ் மையர்ஸ் என்ற அமெரிக்க மீனியலாளர் இவற்றை ஓராண்டு மீன்கள் என்று எழுதினார். பயிர் என்ற ஒப்புமை பொருத்தமானதுதான். இவற்றை வளர்க்க முனைகிறவர் மீன்காரரைப் போல யோசிப்பதைவிட விதைநெல் காப்பவரைப் போல யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆப்பிரிக்க ஓராண்டு மீன்களில் நோத்தோபிராங்கியஸ் என்ற பேரினம் முக்கியமானது. எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. ஆண் மீன்களின் நிறத்தைச் சொல்லி முடிப்பது கடினம். சான்சிபார் தீவின் குந்தரி இனத்தில் நீலப்பச்சை உடலும் செங்கல் சிவப்பு வாலும். மொசாம்பிக்கின் ரகோவியை இனத்தில் செதிலுக்குச் செதில் நீலமும் ஆரஞ்சும் மாறி மாறி வந்து, வால் ஓரத்தில் கறுப்புக் கரை போட்டிருக்கும். பெண் மீன்கள் எல்லா இனத்திலும் களிமண் கலந்த நீரின் நிறத்திலேயே இருக்கும். எந்த இனத்துப் பெண் எது என்று தேர்ந்த வளர்ப்பாளர்களே தடுமாறுவார்கள். ஆகவே இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் விடுவதில்லை என்பது எழுதாத சட்டம்.

முட்டையிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் இந்த மீனின் ஆயுளில் பெரும்பகுதி முட்டைக்குள்தான் கழிகிறது. முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கடுகை விடச் சிறியது. ஆனால் விரல்நுனியில் உருட்டினால் உடையாது. கண்ணாடிமணி போல வழுக்கும். அந்த ஓட்டுக்குள் நடப்பதை 1972-இல் ஜான் வூர்ம்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் படிப்படியாக விவரித்தார். மற்ற மீன்களின் கரு, கருவுற்ற நொடியிலிருந்து நிற்காமல் வளர்ந்து பொரிக்கும். ஓராண்டு மீனின் கருவோ வழியில் மூன்று இடங்களில் நின்று இளைப்பாற வல்லது. டயபாஸ் எனப்படும் இந்த உறக்கத்தின் முதல் நிலை மிக விசித்திரமானது. கருவாக வேண்டிய செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, மஞ்சள்கருவின் மேல் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். அப்போது அங்கே மீன் என்று சொல்ல எதுவும் இல்லை. தலை எது, வால் எது என்ற கோடே விழவில்லை. நேரம் வந்ததும் அவை மீண்டும் ஓரிடத்தில் திரண்டு மீனைக் கட்டத் தொடங்கும். இரண்டாம் நிலையில் முதுகுத்தண்டின் கணுக்கள் தோன்றி, கண்ணின் கிண்ணம் உருவாகி, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் மெதுவாகும். துடிப்பு குறைந்து, சில வேளை நின்றே போகும். மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நீள்வது இந்த நிலைதான். மூன்றாம் நிலையில் குஞ்சு முழுமையாக வளர்ந்து, சுருண்டு, கண் திறந்து, பொரிக்க மட்டும் மறுத்துக் காத்திருக்கும்.

இந்த உறக்கத்தின் ஆழம் வியப்பூட்டுவது. வெனிசுலாவின் ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் இனத்தில் இரண்டாம் நிலையில் உள்ள கரு, ஆக்சிஜன் அடியோடு இல்லாத சூழலிலும் இரண்டு மாதங்களுக்கு மேல் பிழைத்திருப்பதை ஜேசன் பொட்ராப்ஸ்கியின் ஆய்வுக்குழு காட்டியது. வெதுவெதுப்பான வெப்பநிலையில் முதுகெலும்புள்ள வேறு உயிர்களில் இதற்கு ஈடு சொல்ல எதுவும் இல்லை. 2020-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆன் புருனேயின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னொரு கேள்விக்கு விடை தந்தது: இப்படி நீண்ட நாள் உறங்கிய கரு, பொரித்தபின் முன்னதாகவே மூப்படையுமா? அடையவில்லை. வளர்ந்த மீனின் மொத்த ஆயுளை விட நீண்ட காலம் உறங்கிய முட்டையிலிருந்து வந்த மீனும் மற்றவற்றைப் போலவே வளர்ந்தது, இனம் பெருக்கியது, அதே வயது வரை வாழ்ந்தது. உறங்கிய காலம் அதன் கணக்கில் ஏறவே இல்லை.

ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகள்கூட ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சில முட்டைகள் உறக்கத்தைத் தாண்டிக் குதித்து ஓரிரு மாதத்தில் தயாராகிவிடும். சில ஆறு மாதம் எடுக்கும். சில அடுத்த வருடத்துக்கென்றே கிடக்கும். காரணம் குளத்தில் இருக்கிறது. பருவம் தப்பிய ஒரு மழை பள்ளத்தை அரைகுறையாக நிரப்பி, குஞ்சுகளைப் பொரிக்கவைத்து, பத்தே நாளில் வற்றிப்போனால் அத்தனையும் செத்துப்போகும். எல்லா முட்டையும் அந்த மழையை நம்பியிருந்தால் இனமே அங்கே முடிந்துவிடும். பாதி விதையை விதைத்துவிட்டு மீதியைக் குதிரில் வைத்திருக்கும் மானாவாரி விவசாயியின் புத்திதான் இது. மீன் அதை யோசித்துச் செய்வதில்லை. நம்பி ஏமாந்தவற்றின் சந்ததி மிஞ்சவில்லை, அவ்வளவுதான். வளர்ப்பாளருக்கு இதில் ஒரு தொல்லையும் ஒரு காப்பும் உண்டு. எந்தப் பொட்டலத்திலும் எல்லா முட்டையும் ஒருசேரப் பொரிக்காது என்பது தொல்லை. ஒரு முறை தவறிப்போனாலும் மிச்சம் இருக்கும் என்பது காப்பு.

வீட்டில் முட்டை சேகரிக்கும் முறை குளத்தைச் சிறிதாக்கிச் செய்வதே. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண். ஆண் ஓயாமல் துரத்துவதால் ஒரே பெண் இருந்தால் அது சோர்ந்து செத்துவிடும். தொட்டியின் அடியில் மணல் போடுவதில்லை. பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் இரண்டு விரற்கடை உயரம் பீட் நிரப்பி, மூடியில் மீன் நுழையும் அளவு ஓட்டை போட்டு உள்ளே இறக்குகிறார்கள். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி மக்கி உருவாகும் பழுப்புத் தூள். அதை முதலில் கொதிக்கவைத்தால்தான் நீரில் அமிழும். அது கிடைக்காத இடத்தில் நன்றாக அலசிக் கொதிக்கவைத்த கோகோபீட்டையும் பயன்படுத்துகிறார்கள். அலசுவதில் சோம்பல் காட்டினால் தென்னைநாரின் உப்பும் சாயமும் முட்டையைக் கெடுக்கும்.

டப்பாவுக்குள் நடப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆண் பெண்ணின் தலைக்கு மேல் வந்து நின்று மோவாயால் அழுத்தும். பெண் இணங்கினால் இரண்டும் பக்கத்தில் பக்கமாகப் பீட்டுக்குள் சாயும். ஆணின் முதுகுத்துடுப்பு மடங்கிப் பெண்ணின் முதுகை ஒரு கை போல அணைத்துக்கொள்ளும். இரண்டு உடல்களிலும் ஒரு நடுக்கம். ஒரு முட்டை. உடனே விலகி, அடுத்ததுக்குத் தயாராகும். நன்றாகத் தின்று வளர்ந்த பெண் இப்படி ஒவ்வொன்றாக ஒரே நாளில் இருபது, முப்பது முட்டை இடும். இத்தனைக்கும் தீனி ஈடுகொடுக்க வேண்டும். ரத்தப்புழு, கொசுப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு என்று உயிருள்ளதும் உறைந்ததுமான இரைதான் இவற்றுக்கு உணவு. காய்ந்த தீவனத்தை மட்டும் போட்டு முட்டையை எதிர்பார்ப்பது வீண்.

வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ டப்பாவை எடுத்து, பீட்டை நுண்வலையில் கொட்டிக் கையால் பிழிகிறார்கள். முட்டை உடையுமோ என்று புதியவர்கள் பயப்படுவது இங்கேதான், உடையாது. பிழிந்ததைச் செய்தித்தாளில் பரப்பி ஈரம் வாங்கவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு விடை கடிகாரத்தில் இல்லை, கையில் இருக்கிறது. ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் பைப்பில் அடைக்கும் புதுப் புகையிலையின் பதம் என்று சொல்வது வழக்கம். புட்டுக்கு மாவு விரவிய கைக்கு அந்த விளக்கம் தேவையில்லை. பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், அல்லது முட்டைகள் பாதியில் அழுகும். காய்ந்தால் முட்டையின் ஒரு பக்கம் குழிந்து உள்ளே ஒடுங்கிவிடும். குழிந்தவற்றில் சில நீர் பட்டதும் மீண்டும் உருண்டையாவது உண்டு, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. இந்த மீன் வளர்ப்பில் தோற்றவர்களில் பலர் தோற்றது தொட்டியில் அல்ல, இந்தப் பதத்தில்.

பிறகு ஜிப் கவர். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடி, மேலே எழுத வேண்டியதை எழுதுவார்கள்: இனத்தின் பெயர், அது பிடிக்கப்பட்ட இடத்தின் குறியீடு, பீட்டை எடுத்த தேதி, நனைக்க வேண்டிய தேதி. இதில் இடக்குறியீடு வெறும் சம்பிரதாயம் அல்ல. எம்இசட்எம் 04/03 என்று எழுதியிருந்தால் 2004-இல் மொசாம்பிக்கில் மூன்றாம் இடத்தில் பிடித்த மீனின் வழித்தோன்றல் என்று பொருள். ஒரே இனமாக இருந்தாலும் ஒரு பள்ளத்து மீனை இன்னொரு பள்ளத்து மீனோடு கலக்காமல் காப்பதைக் கில்லி வளர்ப்பாளர்கள் ஒரு கடமையாகவே நினைக்கிறார்கள். அது சரியான பிடிவாதம். ஒரு பள்ளத்தை உழுது வயலாக்கினாலோ அதன் மேல் சாலை போட்டாலோ அங்கிருந்த கூட்டம் உலகிலிருந்தே போய்விடும். பெயர் பிசகிய ஒரு பொட்டலமும் அதே இழப்பைத்தான் செய்கிறது.

இந்தப் பொட்டலங்கள் தபாலில் போகும். மீனை அனுப்ப நீரும் ஆக்சிஜனும் தெர்மோகோல் பெட்டியும் வேண்டும். முட்டைக்கு ஓர் உறை போதும். அலங்கார மீன் கடைகளில் ஓராண்டு மீன்கள் அரிதாகவே கிடைப்பதற்கும் உலகெங்கும் வளர்ப்பாளர்களிடம் அவை பரவியிருப்பதற்கும் காரணம் ஒன்றே. சில மாதமே வாழும் மீனைக் கடைக்காரர் வைத்திருந்து விற்க முடியாது, முட்டையோ யாருக்கும் அவசரம் வைப்பதில்லை. இயற்கையிலும் முட்டை பயணம் செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. பிரேசிலில் கொஸ்கொரோபா அன்னப்பறவைகளுக்கு இரையோடு 650 கில்லி முட்டைகளைக் கொடுத்து எச்சத்தைச் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஐந்து முட்டைகள் உடையாமல் வெளிவந்தன. அதில் ஒன்று குஞ்சாகப் பொரித்தது. 650-இல் ஒன்று என்பது வீட்டுக் கணக்குக்குக் கேவலமாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து போகும் சதுப்புக்கு அது தாராளம்.

பொட்டலத்தை வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இருட்டாக, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடம். இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரியில் குந்தரி மூன்று நான்கு மாதம் எடுக்கும். ரகோவியை ஆறு மாதம் போல. ஆனால் வெப்பம் இந்த அட்டவணையைக் கலைத்துவிடும். ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் கருக்களை 30 டிகிரியில் வைத்தால் அவை இரண்டாம் உறக்கத்தில் விழாமலே வளர்ந்துவிடுகின்றன, 20 டிகிரியில் வைத்தால் உறங்குகின்றன. ஏசி இல்லாத சென்னை வீட்டில் மே மாதத்தைக் கழிக்கும் பொட்டலத்தை, உறையில் எழுதிய தேதியை மட்டும் நம்பி வைத்திருக்கக் கூடாது. அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறக்கும்போது உள்ளே புதுக் காற்றும் போகும்.

பார்ப்பது என்றால் இதுதான்: ஒரு வெள்ளைத் தட்டில் பீட்டைக் கொஞ்சம் உதிர்த்து, விளக்கருகே கொண்டுவந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத் தேடுவது. பழுப்புத் துகள்களுக்கு நடுவே தேன்நிறத்தில் ஒரு துளி தெரியும். தெளிவாக, உள்ளே எண்ணெய்க் குமிழிகள் மட்டும் இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. வெண்மையாகக் கலங்கியிருந்தால் செத்தது. எடுத்துப் போட்டுவிட வேண்டும். வாரங்கள் கழித்துப் பார்த்தால் துளியின் உள்ளே ஒரு நூல் வளைந்து கிடக்கும். இன்னும் பொறுத்தால் அந்த நூல் தடித்துக் கருத்து முட்டையையே நிறைத்திருக்கும். கடைசியில் இரண்டு கரிய கண்கள், கண்மணியைச் சுற்றித் தங்க வளையம். தட்டை லேசாகத் திருப்பினால் அது ஓட்டுக்குள் உருண்டு திரும்பும். மண்ணில் கிடக்கும் ஒரு மீன், நீரில்லாமல், கண் விழித்து ஆளைப் பார்க்கிறது. தங்க வளையம் தெரிந்துவிட்டால் நனைக்கலாம்.

நனைப்பதற்கு நீர் குளிர்ந்திருக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி. முதல் மழையின் குளிர்ச்சி அது. அகன்ற ஆழமற்ற டப்பாவில் பீட்டைக் கொட்டி நான்கு விரல் உயரத்துக்கு நீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மணி நேரத்தில் முதல் குஞ்சு வரும். சில நேரம் அரை மணியிலேயே. ஓடு உடைவது குஞ்சின் பலத்தால் மட்டும் அல்ல. அதன் சுரப்பிகளிலிருந்து கசியும் ஒரு நொதி ஓட்டை உள்ளிருந்தே கரைத்து மெலிதாக்கும். பிறகு வாலின் ஒரு உதறலில் அது வெளியே வரும். இந்த நொதி சுரக்கத் தூண்டுதல், சுற்றிலும் ஆக்சிஜன் குறைவது. மழைநீர் நிரம்பியதும் சகதியில் மக்கும் இலைதழை ஆக்சிஜனைத் தின்கிறது. முட்டைக்கு அதுவே அழைப்பு.

தயாராக இருந்தும் பொரிக்க மறுக்கும் முட்டைகளை இணங்கவைக்க வளர்ப்பாளர்கள் கையாளும் வழிகள் அனைத்தும் இந்த ஒரு சங்கதியிலிருந்தே வந்தவை. நீரில் ஒரு சிட்டிகை தீவனத்தூள் தூவி அதை மக்கவிடுவார்கள். குழாய் வைத்து நீருக்குள் மூச்சை ஊதுவார்கள். பழைய வழி ஒன்று உண்டு: முட்டைகளைச் சிறு மருந்துக்குப்பியில் நீரோடு போட்டு மூடிச் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவது. குப்பிக்குள் ஆக்சிஜன் குறைகிறது, உடற்சூட்டில் நீர் வெதுவெதுக்கிறது, நடையில் குலுங்குகிறது. இரண்டு மூன்று மணி கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே குஞ்சுகள் துள்ளும்.

பொரித்தவை அனைத்தும் நீந்துவதில்லை. வயிற்றைத் தரையில் தேய்த்தபடி துள்ளித் துள்ளி மட்டும் நகரும் குஞ்சுகள் சில இருக்கும். அவற்றின் காற்றுப்பை நிரம்பவில்லை. நாளுக்கு முன்பே நனைத்தது, அளவு மீறிக் காத்திருந்து குஞ்சு வலுவிழந்தது, நீர் அதிக ஆழமாக இருந்தது எனக் காரணங்கள் பல. நீந்தாதவை தேறுவது மிக அரிது. ஒரு நனைப்பில் பாதிக்கு மேல் இப்படியானால் அந்தப் பொட்டலத்தின் மீதியை உடனே நனைக்காமல் மீண்டும் உலர்த்திச் சில வாரம் பொறுப்பதே உத்தமம்.

நீந்துகிற குஞ்சு நாலைந்து மில்லிமீட்டர் நீளம், கண் மட்டும் பெரிது. அன்றைக்கே அதற்குப் பசிக்கும். முதல் உணவு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து டப்பாவில் அடைத்து வருவது உலகமெங்கும் கிடைக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்த உயிர் உண்டு. டப்பாவில் உள்ளது காபித்தூள் நிறத்தில் ஒரு தூள். ஒவ்வொரு துகளும் ஒரு முட்டை, அதுவும் உறங்குகிற முட்டை. லிட்டருக்கு இருபத்தைந்து முப்பது கிராம் உப்பிட்ட நீரில் போட்டு, ஏர் பம்பால் கொதிப்பது போல் குமிழியவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரித்து நீந்தும். வறட்சியைத் தூங்கிக் கடந்த மீனுக்கு, வறட்சியைத் தூங்கிக் கடந்த இன்னொரு உயிரே முதல் சோறு.

பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அவற்றை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சித் துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு கலந்தால் குஞ்சின் குடல் அடைபடும். தின்ற குஞ்சை அடையாளம் காண்பது எளிது. கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சு விளக்கு போல எரியும். எத்தனை வயிறு எரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதே காலை வேலை. காலையும் மாலையும் கொடுப்பது குறைந்த அளவு. தின்னாமல் மிஞ்சிய ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து நீரைக் கெடுக்கும் என்பதால் தினமும் அடியை உறிஞ்சி எடுத்து, அதே வெப்பத்தில் புது நீர் சேர்க்க வேண்டும். குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பட்டினியால் அல்ல, மிச்சத்தால். நீரில் கொஞ்சம் கல்லுப்பு சேர்ப்பதும் வழக்கம். தங்கத்தூள் தூவியது போல் மேனியில் படியும் வெல்வெட் என்ற நோய் நோத்தோபிராங்கியஸ் மீன்களுக்கு எளிதில் தொற்றும், உப்பு அதைத் தள்ளிவைக்கும்.

வளர்ச்சி கண்ணெதிரே நடக்கும். ஒரே நாளில் பொரித்தவற்றில் சில இரண்டு மடங்காகிவிட, சில அப்படியே இருக்கும். பெரியதைப் பிரிக்காவிட்டால் அது சிறியதைத் தின்னும். மூன்றாம் நான்காம் வாரத்தில் ஆண்களின் துடுப்பில் முதல் சாயம் ஏறுகிறது. நேற்றுவரை சாம்பலாக இருந்த குஞ்சின் வாலோரத்தில் ஒரு சிவப்புக் கீற்று. அன்றிலிருந்தே அது பக்கத்து ஆணோடு சண்டை பிடிக்கும். ஃபர்செரி என்ற இனத்தின் வேகம் இன்னும் அதிகம். மொசாம்பிக்கில் மழைக்குப் பின் பிடித்த அந்த மீன்களின் செவிக்கல்லில் நாளுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எண்ணிப் பார்த்த செக் நாட்டு ஆய்வாளர்கள், பொரித்த 14 நாளிலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன என்று 2018-இல் எழுதினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் இதைவிட விரைவாகப் பருவமடையும் வேறொன்று அறியப்படவில்லை. குளம் எப்போது வற்றும் என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் காத்திருக்கவும் முடியாது. முட்டையில் அத்தனை பொறுமை காட்டிய உயிர் நீருக்கு வந்ததும் ஒரு நாளையும் விடுவதில்லை.

இந்த ஃபர்செரியின் கதை பொட்டலத்தின் கதையும்கூட. 1968-இல் ஜிம்பாப்வேயின் கொனரேஷூ காட்டில் ரிச்சர்ட் ஃபர்சர் பிடித்த மீன் அது. 1971-இல் அவர் பெயரையே பெற்றது. அந்த ஒரு பிடியில் கிடைத்த மீன்களின் வழித்தோன்றல்களை வீட்டுத் தொட்டி வளர்ப்பாளர்கள் பீட்டும் ஜிப் கவருமாகத் தலைமுறை தலைமுறையாக முப்பது வருடத்துக்கு மேல் கைமாற்றிக் காத்துவந்தார்கள். அவர்களுக்கு அதில் வருமானம் இல்லை, பெயரும் இல்லை. 2003-இல் இத்தாலியில் ஸ்டெஃபனோ வால்டெசலிச்சியும் அலெசாண்ட்ரோ செலெரினோவும் அந்த வழியின் மீன்கள் எத்தனை நாள் வாழ்கின்றன என்று எண்ணி வெளியிட்டபோது அவற்றின் உச்ச ஆயுள் 12 வாரம்தான் என்று தெரிந்தது. மூப்பைப் பற்றி ஆராய எலியை வைத்து மூன்று வருடம் காத்திருந்த ஆய்வகங்களுக்கு இது பெரிய திறப்பு. 2015-இல் இரு குழுக்கள் அதன் மரபணுத்தொகுதியை வாசித்து முடித்தன. இன்று உலகின் பல ஆய்வகங்களில் நீந்தும் ஜிஆர்இசட் என்ற வழி, அந்த வீட்டுப் பொட்டலங்களில் ஒன்றுகூடப் பெயர் மாறாமல் வந்து சேர்ந்ததால் கிடைத்தது.

வீட்டுத் தொட்டியிலும் மூப்பு மறைவதில்லை. சில மாதத்திலேயே ஆணின் நிறம் மங்கும். முதுகு லேசாகக் கூனும். இரையைக் குறிவைத்துப் பாய்ந்தது ஒரு தடவை தவறும், பிறகு அடிக்கடி தவறும். ஒரு நாள் அது மூலையில் தரையோடு நிற்கும். மருந்து போட்டுப் பார்க்கப் புதியவருக்குத் தோன்றும். இது நோய் அல்ல. நீரைச் சற்றுக் குளிர்ச்சியாக வைத்து, குறைவாக ஊட்டினால் நாட்கள் நீளும். ஆனால் முட்டை குறையும். எது வேண்டும் என்று ஒவ்வொரு வளர்ப்பாளரும் தாமே முடிவுசெய்துகொள்கிறார். மீன் சாகும்போது அதன் முட்டைகள் பெரும்பாலும் இன்னும் உறக்கத்தில்தான் இருக்கும். இந்த இனத்தில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே நீரைப் பகிர்வது வீட்டில் மட்டுமே நடக்கும் காரியம்.

மீதி இருப்பது முதல் முறை நனைத்த பீட். குஞ்சுகளைப் பிரித்தெடுத்தபின் அதைக் கொட்டிவிடுவது பெரும் தவறு. மறுபடி வலையில் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பி, அதே புட்டுமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, அதே கவரில் போட வேண்டும். மூன்று நான்கு வாரம் கழித்து நனைத்தால் இரண்டாம் தொகுதி வரும். சில நேரம் முதல் தடவையை விட அதிகமாகவே வரும். மூன்றாம் நனைப்பிலும், ஒரு வருடம் கழித்த நனைப்பிலும் இரண்டொரு குஞ்சு வருவது உண்டு. கவரின் மேல் பழைய தேதியை அழிப்பதில்லை. அதற்குக் கீழே, நனைத்த நாள், வந்த குஞ்சுகளின் எண்ணிக்கை, மீண்டும் நனைக்க வேண்டிய நாள் என்று இன்னொரு வரி எழுதி, அலமாரியின் இருட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள்.